ஸ்பானிஷ் கல்வேலை வார்த்தைகளை இங்கிலீஷுக்கு மாத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கட்டட டாக்குமெண்ட்டை ஸ்பானிஷ்ல இருந்து இங்கிலீஷுக்கு மாத்துற வேலைக்குப் புதுசா வர்றவங்க டிராஃப்டைத் திருத்திட்டு இருக்கேன், ஒரு காலத்துல நான் பண்ண அதே தப்புங்க வரிசையா வருது. ஸ்பெல்லிங், ஒருமை பன்மை எல்லாம் அடுத்த ரவுண்டுல சரியாயிடும், அதை விடுங்க.

மாம்போஸ்தெரியான்னா வெறும் மேசன்ரி இல்ல

இதுக்கு மட்டும் எனக்கு இன்னும் கோவம் வருது. டிக்‌ஷனரி முதல் அர்த்தமா மேசன்ரின்னு குடுக்குது, யோசிக்காம அதையே போட்டுடறாங்க. மாம்போஸ்தெரியாங்கறது செதுக்காத, இல்ல லேசா தட்டின கல்லைக் கையால எடுத்து வச்சு கலவை போட்டுக் கட்டுறது, கையால வச்சதுங்கற அர்த்தம் அந்தப் பேருக்குள்ளயே இருக்கு, நம்ம சிவில்காரங்க ரேண்டம் ரப்பிள்னு சொல்றதுக்கு ரொம்பப் பக்கம். சியெரியா வேற, ஒவ்வொரு கல்லையும் சதுரமா செதுக்கி ஜாயின்ட் ஒட்ட அடுக்குறது, அதான் ஆஷ்லர். ஸ்பெயின்ல செகோவியா ஊர் அக்விடக்ட், அதாவது தண்ணி கொண்டுபோகக் கட்டின பழைய பாலம், அப்படிக் கட்டினதுதான், சாந்தே இல்லாம வெறும் கிரானைட் கல்லா உசரமான எடத்துல கிட்டத்தட்ட 28 மீட்டர் நிக்குது, கல்லைத் தூக்க இடுக்கி புடிச்ச குழிகூட இன்னும் தெரியும். மேசன்ரின்னு மட்டும் எழுதினா ரெண்டும் ஒண்ணாயிடும்.

ஸ்பெயின்ல காஸ்டீல் பக்கம் பழைய வீடு, கிராமத்து சர்ச் பலதுல சுவர் மாம்போஸ்தெரியா, மூலையும் ஜன்னல் ஓரமும் மட்டும் சியெரியா. அந்த மாதிரி ஒரு வீட்டு ரெஸ்டோரேஷன் ஸ்பெசிஃபிகேஷன் என்கிட்ட செக்கிங்குக்கு வந்துச்சு, ரெண்டு ஐட்டத்துக்கும் ஸ்டோன் மேசன்ரின்னே போட்டிருந்தாங்க, நான் பாக்கறதுக்குள்ள வீடு வாங்கினவரோட சர்வேயர் அந்த டிராஃப்டையே வச்சு மொத்த சுவரும் ஆஷ்லர்னு கணக்கு போட்டுட்டாரு, எஸ்டிமேட் தாறுமாறா ஏறி வேலையே நின்னு போச்சு. ரப்பிள்னு ஒரு வார்த்தை சேர்க்காததால வந்த வினை. நடுவுல சியாரெஹோன்னு ஒண்ணு வரும், சின்னக் கல்லு, ஓரளவு சதுரம். அதை ஸ்கொயர்ட் ரப்பிள்னு போடறதா, சின்ன ஆஷ்லர்னு போடறதான்னு சுவர் போட்டோவைப் பாக்காம முடிவு பண்ணாதீங்க.

சியெரியா மரமாவும் இருக்கும்

டொலேடோ கதீட்ரல்ல கோரோ, அதாவது பாதிரிமாரும் பாடகர் குழுவும் உக்கார்ற பகுதி, பத்தி எழுதுற எடத்துல சியெரியான்னு வந்தா அது கொயர் ஸ்டால், அவங்க உக்கார்ற மர இருக்கை வரிசை. கீழ் வரிசையில கிரானடா போர்க் காட்சிகளை வால்நட் மரத்துல செதுக்கியிருப்பாங்க. அங்க ஆஷ்லர்னு போடக் கூடாது.

அல்மோஅடியாடோ

தலையணைங்கற சொல்லுல இருந்து வந்தது, அதுக்காக குஷன்னு எழுதிடாதீங்க, ரஸ்டிகேட்டட், அதாவது ஜாயின்ட் பள்ளமா இருந்து கல்லோட முகம் வெளிய புடைச்சு நிக்கிற மாதிரி கட்டினது. அல்ஹாம்ப்ராவுல அஞ்சாம் சார்லஸ் அரண்மனையோட கீழ்த்தளத்தைப் பாருங்க, புரிஞ்சிடும்.

கிளாவே

ஆர்ச்ல கீஸ்டோன், உச்சியில நடுவுல வர்ற கல்லு. கோதிக் ரிப் வால்ட்ல, அதாவது விலா எலும்பு மாதிரி கல் வளைவுங்க இருக்கற கூரையில, அந்த வளைவுங்க சந்திக்கிற எடத்துல வர்ற பாஸ்.

சால்மேர்

ஸ்ப்ரிங்கர், ஆர்ச் வளைய ஆரம்பிக்கிற எடத்துல வர்ற கல்லு.

எந்த நாட்டு டாக்குமெண்ட்?

கந்தேரா ஸ்பெயின்ல குவாரி, மெக்சிகோவுல கட்டடத்துக்குப் போடற எரிமலைக் கல்லு, மொரேலியா கதீட்ரலோட ரோஸ் கல்லு அதான். சியார் ஸ்பெயின்ல ஒரு ஆஷ்லர் பிளாக், பெருவுல அரெகிபாவுக்குப் போனா அந்த ஊர் வெள்ளைக் கல்லுக்கே அதுதான் பேரு. அரெகிபா ரிப்போர்ட்ல அதை ஆஷ்லர்னு மாத்திட்டா ரிப்பேருக்கு எந்தக் கல்லு வாங்கணும்னே படிக்கிறவருக்குத் தெரியாது. சியார்னே விட்டுட்டு, வெள்ளை இக்னிம்பிரைட் (ஒரு வகை எரிமலைக் கல்லு)னு முதல் எடத்துல ஒரு தடவை விளக்கிடுங்க.