புரோகிதர் இல்லாமல், கான்ட்ராக்டர் இல்லாமல்: 150 பேருக்கு நாமே நடத்தும் கல்யாணம்

சடங்கில் எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். பந்தியில் கை வைக்காதீர்கள். தாங்களே திட்டமிட்டு நடத்தும் கல்யாணங்கள் பேர் கெடுவது தாலிக்குப் பதில் மோதிரம் போட்டதால் அல்ல. ஒன்றரை மணிக்கு இரண்டாம் பந்திக்குச் சோறு வராததால்தான். கீழே உள்ள கணக்கெல்லாம் 150 பேருக்கு, ஒரு தோப்பிலோ வீட்டு வாசலிலோ பந்தல் போட்டு, பகல் சாப்பாட்டோடு முடிகிற கல்யாணத்துக்கு. 200 பேரைத் தாண்டினால் பரிமாறுவதற்கு ஆள் வைத்துவிடுவதே நல்லது.

சட்டம் கேட்பது என்ன

சட்டம் கேட்பது மிகக் கொஞ்சம். அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் நடத்தி வைத்த சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைக்க நாற்பது வருடம் ஆயிற்று. அண்ணா ஆட்சியில் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் இந்த மூன்றில் ஒன்றைச் செய்தால் போதும்: இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகச் சொல்வது; மாலை மாற்றுவது அல்லது மோதிரம் அணிவிப்பது; தாலி கட்டுவது. அக்னி தேவையில்லை, ஏழடி தேவையில்லை. ஊரைக் கூட்டிப் பகிரங்கமாகச் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. இது தமிழ்நாட்டுத் திருத்தம்; பெங்களூர் ரிசார்ட்டில் வைத்து மாலை மாற்றிவிட்டு 7-ஏ என்று சொல்ல முடியாது. இருவரும் இந்துத் திருமணச் சட்டத்துக்குள் வருபவர்களாக இருக்க வேண்டும். பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடக்கம். மதம் கடந்த கல்யாணம் என்றால் 1954ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அதில் இருவரில் ஒருவராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுத்து, 30 நாள் காத்திருந்து, நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், மூன்று சாட்சிகளோடு முடிக்க வேண்டும். அப்படியானால் பதிவை முன்பே முடித்துவிட்டு விழாவைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை அடித்த பிறகு நோட்டீஸ் கொடுப்பவர்கள்தான் கடைசி வாரத்தில் அலைகிறார்கள். இன்னொன்று: அத்தை மகன், மாமன் மகள் உறவு இந்தச் சிறப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட உறவுப் பட்டியலில் வருகிறது.

7-ஏ கல்யாணத்தையும் பதிவு செய்யத்தான் வேண்டும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 தரும் கெடு 90 நாள். மண்டப ரசீதோ கோயில் ரசீதோ இருக்காது என்பதால், சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்களுக்கு ஆதாரம் பத்திரிகையும் படங்களும்தான். ஆகவே பத்திரிகையில் நாள், நேரம், இடத்தின் முழு முகவரி இருக்கட்டும்; பெயர்கள் ஆதாரில் உள்ளபடியே, இனிஷியல் உட்பட இருக்கட்டும். செல்லப்பெயரை மட்டும் போட்டு அழகாக அடித்த பத்திரிகை அங்கே உதவாது. மாலையோடு இருவரும் நேராகத் தெரிகிற படம் ஒன்று, சாட்சிகளும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று எடுக்கச் சொல்லி வையுங்கள். கலைநயமாகப் பின்னாலிருந்து எடுத்த படங்களை வைத்துக்கொண்டு யாரும் பதிவு செய்ய மாட்டார்கள்.

நாளும் நேரமும்

முகூர்த்த நாள் பார்க்கவில்லை என்றால் சமையல் மாஸ்டரும் பந்தல்காரரும் எளிதில் கிடைப்பார்கள், கூலியும் பேசலாம். வீட்டுப் பெரியவர்கள் மனம் சங்கடப்படக் கூடாது என்றால் ஞாயிறு காலை 10:30 நல்ல சமரசம்: அன்று ராகு காலம் மாலை 4:30க்குத்தான், எமகண்டம் 12 மணிக்குத்தான். ஆடியில் எல்லாமே மலிவு. ஆனால் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். திறந்த வெளியில் கீற்றுப் பந்தல் போட்டால் ஒவ்வொரு காலையும் இரண்டடியாவது குழி தோண்டி நட்டு, மூலைகளுக்கு இழுகயிறு கட்டச் சொல்ல வேண்டும்.

உட்கார ஆளுக்கு 8 சதுர அடி என்றால் 150 பேருக்கு 30க்கு 40 அடிப் பந்தல். சாப்பாட்டுப் பந்தல் தனி. அடுப்பு இரண்டு பந்தலிலிருந்தும் தள்ளி, அடுப்பிலிருந்து பந்தலை நோக்கிக் காற்று வீசாத பக்கமாக, தகரக் கூரையின் கீழ். கீற்றுக்குப் பக்கத்தில் அடுப்பு வைக்க எந்த மாஸ்டர் கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சடங்கை எப்படிக் கோர்ப்பது

மொத்தம் 40 நிமிடம். இதைவிட நீண்டால் பின்வரிசை செல்போனைப் பார்க்கத் தொடங்கும். சுயமரியாதைத் திருமணங்களின் பழைய நோய் வாழ்த்துரை: மணமக்கள் மாலையோடு நிற்க, தலைமை தாங்கியவர் முக்கால் மணி நேரம் பேசுவார். பேசுவது நான்கு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். மாலை மாற்றுவதற்கு முன் இரண்டு பேர், பின் இரண்டு பேர். யார் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். அழைக்காத ஒருவர் மைக்கைக் கேட்டால் மறுக்கக் கூடிய ஒரு தாய்மாமனை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல.

உறுதிமொழியை நீங்களே எழுதுங்கள். ஆளுக்கு 120 முதல் 150 சொல் போதும். நிதானமாகப் படித்தால் ஒன்றரை நிமிடம் வரும். முதல் வாக்கியம் சட்டத்துக்கு: "இங்கே கூடியிருக்கும் உறவினர், நண்பர்கள் முன்னிலையில் நான் உன்னை என் கணவனாக ஏற்றுக்கொள்கிறேன்." மீதி உங்களுக்கு. "என்றும் அன்போடு இருப்பேன்" என்பதை எவரும் எழுதலாம். சமையல் யார், உன் பெற்றோரை யார் பார்ப்பது, வேலை மாற்றலானால் என்ன செய்வோம் என்று கையில் பிடிக்கக் கூடிய மூன்று வாக்குறுதிகளாவது இருக்கட்டும். கெட்டி அட்டையில் 18 புள்ளி எழுத்தில் அடித்து, இரண்டு பிரதி வையுங்கள். மனப்பாடம் வேண்டாம், மாலையின் கனத்திலும் கூட்டத்தின் முன்னாலும் எல்லாம் மறந்துபோகும். சட்டையில் குத்துகிற காலர் மைக் கூடாது. மாலை அதில் உரசி உறுதிமொழி முழுவதும் கரகரவென்று கேட்கும். ஸ்டாண்டில் ஒன்று, கையில் ஒன்று. ஸ்பீக்கர்கள் மைக்குக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் வைத்தால் ஊளையிடும்.

வழக்கத்தை மாற்றுவதில் நாங்கள் மிகவும் பரிந்துரைப்பது ஒன்றுதான்: கணவனை இழந்த அம்மாவோ அத்தையோ பாட்டியோ வீட்டில் இருந்தால், மாலையையோ தாலியையோ எடுத்துக் கொடுப்பது அவராக இருக்கட்டும். ஓர் ஓரமாக நிற்கப் பழகியவர் என்பதால் அன்று காலையில் திடீரென்று கூப்பிட்டால் வர மாட்டார். ஒரு மாதம் முன்பே பேசுங்கள், அவருக்கு நல்ல பட்டுப்புடவை எடுங்கள், மேடையில் நாற்காலி போடுங்கள்.

பழைய வழக்கத்திலிருந்தே எடுக்க வேண்டுமானால் அகநானூற்றின் 86ஆம் பாடலைப் பாருங்கள். தீயும் புரோகிதரும் இல்லாத கல்யாணம் அது: மணல் பரப்பிய பந்தல், மாலைகள், விளக்கு, உளுந்து சேர்த்த சோறு, பூவும் நெல்லும் கலந்த நீரை வாழ்த்திச் சொரியும் நான்கு பெண்கள். அங்கே அந்த நால்வரும் மகனைப் பெற்றவர்கள்; அந்த நிபந்தனையை விட்டுவிட்டு நீங்கள் நால்வரைத் தேர்ந்தெடுக்கலாம். நீரைத் தலையில் ஊற்ற வேண்டாம், உள்ளங்கைகளில் ஊற்றினால் போதும். கீழே ஒரு பித்தளைத் தாம்பாளம் இல்லாவிட்டால் மேடைத் துணி நனைந்து கால் வழுக்கும்.

தாலி வேண்டுமா என்பது உங்கள் இருவர் முடிவு. வேண்டாம் என்றால் பெண் வீட்டாரிடம் மூன்று மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். மேடையில் தெரிந்துகொண்டால் அது அவமானமாகிவிடும்.

கையால் செய்யத் தக்கவை

ஒரே விதி: ஒரு வாரம் முன்பே செய்து வைக்க முடிந்தால் நீங்கள் செய்யுங்கள்; அன்று காலை செய்ய வேண்டியதை வேறொருவரிடம் கொடுங்கள். வெட்டிவேர் மாலை இதற்கு ஏற்றது. வாடாது, முன்கூட்டியே கட்டலாம், அணியும் முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் மணக்கும். பூமாலை என்றால் சம்பங்கி, ரோஜா கலந்து இடுப்பளவுக்கு. முழங்காலைத் தொடும் மாலை படத்துக்கு நன்றாக இருக்கும், கழுத்துக்கு ஆகாது. குருத்தோலைத் தோரணம் முந்தின இரவு மடித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, விடிந்தபின் கட்டுங்கள். வெயிலில் சுருண்டுபோகும் என்பதால் நிழல் பக்கத்துக்கு மட்டும். மாக்கோலத்துக்கு இரண்டு கிலோ பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்துக் கரையுங்கள். போடும்போது மங்கலாகத்தான் தெரியும், காய்ந்ததும் வெளுக்கும். மங்கல் என்று நினைத்து மேலும் மாவு சேர்த்தால் காய்ந்தபின் செதில் செதிலாகப் பெயரும்.

விதைப் பத்திரிகை அடிப்பவர்கள் துளசி, கீரை போன்ற சின்ன விதைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய விதை அச்சில் நசுங்கும். அன்பளிப்பாக மரக்கன்று கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது, ஆனால் பஸ்ஸில் வந்தவர்கள் அதை எங்கே வைப்பார்கள்? கேட்பவர்களுக்கு மட்டும் 30 கன்று. மற்றவர்களுக்கு மஞ்சப்பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு விதைப் பொட்டலம்.

மொய் வேண்டாம் என்று அச்சடிப்பதற்கு முன் அப்பா அம்மாவிடம் கேளுங்கள். குறிப்பாக மதுரை, தேனி, புதுக்கோட்டைப் பக்கம் அது அன்பளிப்பு அல்ல, வரவு செலவு. உங்கள் பெற்றோர் செய்ததைத் திருப்பித் தர வருகிறவரிடம் வேண்டாம் என்றால் கணக்கை முறித்ததாகிவிடும். புது மொய் வேண்டாம், திருப்பும் மொய் மட்டும் என்று வாய்மொழியாகச் சொல்லி, ஒரு சித்தப்பாவிடம் நோட்டைக் கொடுத்து ஓரமாக உட்காரவைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பந்தி

மூன்று வாரம் முன் சமையல் மாஸ்டரிடம் சாமான் லிஸ்ட் வாங்கி இதோடு ஒப்பிடுங்கள். இலைச் சாப்பாட்டுக்கு அரிசி 17 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு 6 கிலோ, ஒவ்வொரு பொரியலுக்கும் கூட்டுக்கும் காய் 11 கிலோ, ரசம் 18 லிட்டர், தயிர் 15 லிட்டர், பாயசம் 16 லிட்டர், அப்பளம் 200, இலை 180. லிஸ்ட் இதைவிடக் கால்பங்குக்கு மேல் கூடினால் காரணம் கேளுங்கள். குறைவாக இருந்தால் உடனே கேளுங்கள். சிறுதானியத்தில் முழுச் சாப்பாடு என்ற ஆசை பலருக்கு உண்டு. சாமையும் தினையும் பெரிய அண்டாவில் அடியில் குழைந்து மேலே வேகாமல் நிற்கும். மூன்று கிலோ சாமையில் புளியோதரை செய்து ஆளுக்கு ஒரு கரண்டி வையுங்கள், ஆசையும் தீரும் சோறும் கெடாது.

காய் முந்தின இரவே நறுக்கலாம், வாழைக்காயும் உருளைக்கிழங்கும் தவிர; அவை கறுத்துவிடும். கோடையில் தயிரை இரவு பத்துக்கு உறை ஊற்றினால் மதியத்துக்குள் புளிக்கும், விடியற்காலையில் உறை ஊற்றச் சொல்லுங்கள். அல்லது கடைத் தயிர்.

75 பேர் உட்காரும் வகையில் இரண்டு பந்தி. ஆறடி மேசைக்கு மூன்று இலை. நான்கு போட்டால் முழங்கைகள் இடிக்கும். எனவே 25 மேசை. முதல் பந்தி 11:30, இரண்டாவது 12:15. பரிமாற எட்டுப் பேர், இலை எடுக்கவும் தண்ணீர் வைக்கவும் மூன்று பேர். நண்பர்கள்தான் பரிமாறப் போகிறார்கள் என்றால் ஒருவருக்கு ஒரு பாத்திரம் என்று பிரித்துவிடுங்கள். சாம்பார் வாளி எடுத்தவர் கடைசி வரை சாம்பார்தான். உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டை ஆட்கள் உட்காரும் முன் வைக்கலாம். அப்பளம் முன்னால் வைத்தால் நமுத்துப்போகும். முதல் பந்தியில் முதியவர்கள், குழந்தைகள், தூரத்துக்குத் திரும்ப வேண்டியவர்கள். மணமக்கள் இரண்டாவதில்.

குடிக்க 20 லிட்டர் கேன் 12. கை கழுவவும் பாத்திரத்துக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு, முந்தின இரவே நிரப்பி. காலையில் மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. மேசைக்குப் பிளாஸ்டிக் விரிப்பும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. காகித ரோல் போடுங்கள், எவர்சில்வர் டம்ளர் 200 வாடகைக்கு எடுங்கள். இலைக்கும் மிச்சத்துக்கும் நாலடிக்கு நாலடி, மூன்றடி ஆழத்தில் ஒரு குழி; காகிதம் அதில் விழாமல் தனிக் கூடை.

அன்று காலை ஆறு மணிக்கு மேல் மணமக்கள் இருவரின் செல்போனும் வேறொருவர் கையில் இருக்க வேண்டும். பந்தல்காரர், மாஸ்டர், மைக்செட், தண்ணீர் வண்டி எண்களும், ஒவ்வொருவருக்கும் தர வேண்டிய பாக்கித் தொகையும் எழுதிய ஒரு தாளும், உறையில் பிரித்து வைத்த பணமும் அவரிடமே. வாடகைப் பாத்திரத்தை அவர் எண்ணி வாங்கி, எண்ணி ஒப்படைக்கட்டும். பெரும்பாலும் குறைவது கரண்டிதான். இலையோடு குழிக்குள் போயிருக்கும், மண் தள்ளும் முன் ஒரு தரம் பார்த்துவிடச் சொல்லுங்கள்.