கம்யூனிட்டி காலேஜ் முதல் செமஸ்டர்: பாடங்களைக் கடைசியிலிருந்து தேர்ந்தெடுங்கள்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட், சன்னிவேல் பக்கம் நம்மவர் வீடுகளில் "பையன் எங்கே சேர்ந்திருக்கிறான்?" என்று கேட்டால், "கம்யூனிட்டி காலேஜ்" என்ற பதில் கொஞ்சம் தணிந்த குரலில்தான் வரும். இரண்டு வருடம் அங்கே படித்து, மூன்றாம் வருடம் யு.சி.க்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாறினால் கடைசியில் கைக்கு வருவது அதே யு.சி. பட்டம். குரலைத் தணிக்க ஒன்றுமில்லை. கவலைப்பட வேண்டியது வேறொரு விஷயத்துக்கு.

என் மகன் முதல் செமஸ்டரில் பைத்தான் பாடம் எடுத்தான். நான்கு யூனிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் கிரெடிட்), நல்ல மதிப்பெண். அவன் குறிவைத்த துறை கேட்டதோ சி++. அந்த நான்கு யூனிட்டும் மொத்தக் கணக்கில் சேர்ந்தன. ஆனால் துறை கேட்ட பாடத்துக்கு அது ஈடாகவில்லை. இன்னொரு செமஸ்டரில் சி++ தனியாக எடுத்தான். யூனிட் மாறுவது ஒன்று, பாடம் ஈடாவது இன்னொன்று. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 1: போகுமிடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு மேஜர் (முதன்மைப் பாடத்துறை), இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள். இப்போதைக்கு இது போதும், பின்னால் மாற்றிக்கொள்ளலாம். யு.சி.யில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் 'டேக்' என்ற இட உறுதித் திட்டம் உண்டு. ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், எல்லா மேஜருக்கும் கிடைக்காது. பெர்க்லி, யு.சி.எல்.ஏ., சான் டியாகோவில் அது இல்லை. அதனால் இந்த ஆறில் ஒன்றாவது உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

படி 2: அசிஸ்ட் தளத்தைப் படிக்கப் பழகுங்கள்

இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். அசிஸ்ட் டாட் ஆர்க் என்பது கலிஃபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கிடையே எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று சொல்லும் அதிகாரப்பூர்வத் தளம். இருப்பதில் புதிய கல்வியாண்டு, உங்கள் காலேஜ், போக நினைக்கும் பல்கலைக்கழகம், மேஜர் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு பட்டியல் விரியும். ஒரு பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், மறுபக்கம் உங்கள் காலேஜில் அதற்கு ஈடானது.

அதில் இரண்டு இடங்களில் கண் தவறும். ஒன்று, 'அண்ட்' என்று சேர்த்திருக்கும் பாடங்கள். இரண்டையும் முடித்தால்தான் அங்கே ஒரு பாடத்துக்கு ஈடாகும், ஒன்றை மட்டும் முடித்தால் ஈடாகாது. இன்னொன்று, 'நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்' என்ற வரி. உங்கள் காலேஜில் அதற்கு ஈடான பாடம் இல்லை என்று பொருள். அப்படியானால் பக்கத்துக் காலேஜுக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள பட்டியலைத் திறந்து பாருங்கள். அந்த ஒரு பாடத்தை மட்டும் அங்கே எடுக்கலாம்.

தனியார் பல்கலைக்கழகங்களும் வெளி மாநிலங்களும் இந்தத் தளத்தில் வராது.

படி 3: பொதுப் பாடங்கள்

2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேருபவர்களுக்கு 'கால்-கெட்சி' என்ற ஒரே பட்டியல்தான்: 11 பாடங்கள், 34 யூனிட். யு.சி., கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) இரண்டுக்கும் பொது. ஆனால் இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் இதை முழுசாக முடிக்கிறேன் என்று கணிதத்தையும் இயற்பியலையும் தள்ளிப்போட வேண்டாம். அந்தத் துறைகள் முதலில் பார்ப்பது மேஜருக்கான பாடங்களை.

படி 4: ஏற்கெனவே கையில் இருப்பது

பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏ.பி.யில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தால் யு.சி. யூனிட் கொடுக்கும். மேஜர் பாடத்துக்கு அது ஈடாகுமா என்பதைத் துறைதான் சொல்லும், எனவே அந்த வளாகத்தின் ஏ.பி. பட்டியலைப் பாருங்கள். ஏ.பி. கால்குலஸ் முடித்தபின் அதே பாடத்தைக் காலேஜிலும் எடுத்தால் யூனிட் ஒரு முறைதான் கணக்கு.

பள்ளியில் இருக்கும்போதே எடுத்த காலேஜ் பாடங்களை (டூயல் என்ரோல்மென்ட்) மறந்துவிடாதீர்கள். அந்த கிரேடு நிரந்தரக் காலேஜ் பதிவு. பத்தாம் வகுப்பில் விளையாட்டாக எடுத்து வாங்கிய 'டி'யும் விண்ணப்பத்தில் வந்து நிற்கும்.

படி 5: செமஸ்டரைக் கட்டுங்கள்

மாறுவதற்கு 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். நான்கு செமஸ்டருக்குப் பிரித்தால் தலா 15. ஆனால் ஒரு யூனிட்டுக்கு வாரம் மூன்று மணி நேரம் என்பது கணக்கு, வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்த்து. 15 யூனிட் என்றால் 45 மணி நேரம். முதல் செமஸ்டருக்கு 12 அல்லது 13 போதும் என்பேன், மிச்சத்தைக் கோடையில் சரிக்கட்டலாம். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு 12 குறைந்தபட்சம், அதில் ஆன்லைன் பாடம் ஒன்று மட்டுமே கணக்கில் சேரும்.

கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஒரு மாதிரி: கால்குலஸ் 5, நிரலாக்கம் 4, ஆங்கிலக் கட்டுரை 4. மொத்தம் 13. கணிதத்தை முதல் செமஸ்டரிலேயே தொடங்கியே ஆக வேண்டும். கால்குலஸ் முடிக்காமல் இயற்பியல் இல்லை, அது இல்லாமல் அடுத்த இயற்பியல் இல்லை. ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடொன்று கோத்தவை. ஓவியமும் வரலாறும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற காலேஜ்கள் குவார்ட்டர் முறை, அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள். ஒன்றரை குவார்ட்டர் யூனிட் ஒரு செமஸ்டர் யூனிட், ஆகவே அங்கே 60-க்குப் பதில் 90. செமஸ்டர் காலேஜில் பெரும்பாலும் மூன்று பாடமாக இருக்கும் கால்குலஸ் அங்கே நான்கு பாடம். நடுவில் காலேஜ் மாறினால் எங்காவது ஓட்டை விழும். தொடங்கிய இடத்திலேயே முடியுங்கள்.

படி 6: பதிவு

ஓரியன்டேஷன், கல்வித் திட்டம் போன்றவற்றை முன்கூட்டியே முடித்தால் முன்னுரிமைப் பதிவு கிடைக்கும். அசிஸ்ட் பட்டியலை அச்சடித்துக்கொண்டு ஜூலைக்குள் கவுன்சிலரைப் பாருங்கள். ஆகஸ்டில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் வரும்.

பாடத்தை விடுவதற்கு இரண்டு தேதிகள் உண்டு. முதல் தேதிக்குள் விட்டால் சுவடே இருக்காது. இரண்டாவதுக்குள் விட்டால் பாடத்தை விட்டதைக் காட்டும் 'டபிள்யூ' விழும், ஆனால் ஜி.பி.ஏ.வை (மதிப்பெண் சராசரி) தொடாது. இரண்டையும் இன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று: ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் முதல் வாரத்திலேயே இறக்கி வையுங்கள். அசிஸ்டில் இல்லாத பல்கலைக்கழகத்துக்குப் போனால், பாடம் ஈடா இல்லையா என்று பார்க்க அதைத்தான் கேட்பார்கள். இரண்டு வருடம் கழித்து வகுப்பின் இணையப் பக்கம் திறக்காது.