சத்தியம் வாங்கும் முன்: குடியை விட உதவும் ஊர்ப் பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் ஒருவரைக் குடியிலிருந்து மீட்க நினைக்கும் குடும்பம், மருத்துவரிடம் போவதற்கு முன்பே பூசாரியிடமோ பங்குத்தந்தையிடமோ ஜமாஅத் தலைவரிடமோ மீனவர் சங்கத் தலைவரிடமோ போய் நிற்கிறது. அப்படிப் போவதில் தவறில்லை. யார் சொன்னால் கேட்பார் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியாதா? ஆனால் அங்கே நல்லெண்ணத்தோடு செய்யும் சில காரியங்கள் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

முதலாவது, "இன்றோடு விட்டுவிடு" என்று அந்த இடத்திலேயே சத்தியம் வாங்குவது. கார்த்திகையில் மாலை போடுபவர், தவக்காலத்தில் நேர்ந்துகொள்பவர், ரமலானில் விட நினைப்பவர், கோயிலில் கயிறு கட்டிக்கொள்பவர் என்று நம் பக்கத்தில் குடியை நிறுத்த நல்ல நாள்களுக்குக் குறைவில்லை. எப்போதாவது குடிப்பவருக்கு இது சரி. பல வருடமாகத் தினமும் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் காய்ச்சல், படபடப்பு, இல்லாததைப் பார்ப்பது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது என்று முற்றலாம். சிகிச்சை இல்லாவிட்டால் சிலர் இறந்தும் போகிறார்கள். குடித்தபோது நன்றாக இருந்தவர் சாமிக்கு நேர்ந்தபின் செத்துப்போனார் என்று ஊர் பேசும்.

அதனால் சத்தியம் வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்: காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குமா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? ஆம் என்றால் முதலில் மருத்துவமனை, அப்புறம் மாலை. பக்கத்து மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்பதும் வேண்டாம். இவர்களுக்குப் பி1 வைட்டமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படக்கூடும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வண்டி பிடித்துக் கொடுத்து, கூடவே ஒரு ஆளையும் அனுப்பும் தலைவர் பத்துப் பிரசங்கத்துக்குச் சமமான வேலையைச் செய்கிறார்.

அடுத்த தவறு இதோடு ஒட்டியதுதான். விட்ட மூன்றாம் நாள் ராத்திரி, "வலை கிடக்கு, இழு" என்று சுவரைப் பார்த்துக் கத்துகிறவரைக் கண்டால் பேய் பிடித்துவிட்டது என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். மந்திரிப்பதற்கும் தர்காவில் தங்கவைப்பதற்கும் கொண்டுபோவார்கள். அந்த நேரத்தில் அவருக்குத் தேவை 108 ஆம்புலன்ஸ். கட்டிப்போடுவது என்ற பேச்சே கூடாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மனநலம் பாதித்த 28 பேர் இறந்ததை இந்த மாவட்டத்துக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. துஆவோ ஜெபமோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்தும் அதுவும் ஒன்றையொன்று தடுக்காது. "மாத்திரையை நிறுத்தினால்தான் பலிக்கும்" என்று சொல்கிறவரை மட்டும் நம்பாதீர்கள்.

குழம்பில் மாத்திரையைக் கலந்து கொடுக்கும்படி பெண்களுக்கு யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் டைசல்ஃபிராம், குடியை விடுவதற்குத் தரும் மருந்து. அது உள்ளே இருக்கும்போது மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோய் உள்ளவருக்கு அதுவே போதும். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, மருத்துவர் சொல்லி மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து அது.

ஊர்க் கூட்டத்தில் நிறுத்தி அபராதம் போடும் வழக்கம் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அந்தப் பணத்தைக் கட்டுவது யார்? மீன் கூடை சுமக்கிற, பாசி எடுக்கப் போகிற மனைவி. இல்லையென்றால் வட்டிக்கு வாங்குவார்கள். அதற்குப் பதில், படகுக்காரரிடம் பேசி, அந்த ஆளின் சம்மதத்தோடு அவர் பங்கை மனைவியின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லலாம். பங்கு பிரிக்கிற சாயங்காலம்தான் பலருக்குக் கால் சறுக்கும் நேரம்.

அடி வாங்கி வந்த பெண்ணை "அவனைத் திருத்துவது உன் பொறுப்பு, பொறுத்துப் போ" என்று திருப்பி அனுப்புவதும் சமாதானம் ஆகாது. இரவு அவளும் பிள்ளைகளும் எங்கே தூங்குவார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெண்கள் உதவி எண் 181. அவள் வந்து சொன்னதை, பெயர் சொல்லாமல்கூடப் பிரசங்கத்தில் உதாரணமாக எடுக்காதீர்கள். சின்ன ஊரில் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும்.

ஒரு மாதம் குடிக்காமல் இருந்தவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்பதும் அப்படித்தான். இந்த நோயில் மறுபடி குடித்துவிடுவது சகஜம். மேடையில் கைதட்டு வாங்கியவர் மறுபடி சறுக்கினால், வெட்கத்தில் உங்களிடம் வரவே மாட்டார். அவர் ஒளியாமல் வந்து சொல்கிற ஆளாக நீங்கள் இருப்பதுதான் முக்கியம்.

கடைசியாக நேரம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்களுக்குக் கையில் வேலை இல்லை, குடி கூடுகிறது, வீட்டில் பணமும் இல்லை. அதே சமயம், கடலுக்குப் போகும் நாள் கெடாமல் சிகிச்சைக்குப் படுக்கக் கிடைக்கும் காலமும் அதுதான். மே மாதம் சண்டை முற்றியபின் பஞ்சாயத்து பேசுவதைவிட, மார்ச்சிலேயே நான்கைந்து குடும்பங்களிடம் பேசிவைக்கலாம். போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டையும் சங்கக் கட்டடச் சுவரில், டீசல் கணக்கு ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் எழுதிவைக்கலாம்.