படங்களை அடுக்கும்போது பட்டியலைத் தொலைத்துவிடாதீர்கள்

வீட்டில் இருந்த விசிடி, டிவிடிகளை எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, கோடி (Kodi), ஜெல்லிஃபின், பிளெக்ஸ் மாதிரி படங்களை அடுக்கி டிவியில் ஓட்டித்தரும் மென்பொருளில் பட்டியல் போட்டு வைத்திருப்பவர்கள் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர். சேர்ந்தது மலையாகும்போது ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்தலாம் என்று உட்காருவார்கள். உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தோம், மென்பொருளையும் புதுப் பதிப்புக்கு ஏற்றிவிடலாம் என்று தோன்றும்.

பெரிய தவறு இதுதான். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால், நாளைக்கு ஒரு படம் பட்டியலில் இல்லாதபோது ஃபைலை நகர்த்தியதால் போனதா, புதுப் பதிப்பால் போனதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. முதலில் மென்பொருளை மட்டும் புதுப்பியுங்கள். எல்லாம் பழையபடி தெரிகிறது என்று சில நாள் பார்த்து உறுதி செய்தபிறகு ஃபைல்களில் கை வையுங்கள்.

புதுப்பிக்கும் முன் டேட்டாபேஸை, அதாவது மென்பொருள் தன் பட்டியலை வைத்திருக்கும் ஃபைலை, நகல் எடுக்காமல் விடுவது அடுத்த தவறு. ஒரு படத்தைத் திரும்பத் தேடி எடுத்துவிடலாம். எதை யார் பார்த்தார்கள், எதை அம்மாவுக்கென்று குறித்து வைத்தோம் என்பதெல்லாம் டேட்டாபேஸில் மட்டும்தான் இருக்கிறது. கோடி 20-இல் அந்த ஃபைலின் பெயர் மைவீடியோஸ் 121. 21-க்குப் போனால் 131. புதுப் பதிப்பு பழையதைப் பார்த்துப் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், பழையதை அழிக்காது. ஜெல்லிஃபின் 10.11 அப்படியில்லை. அது டேட்டாபேஸின் அமைப்பையே மாற்றிவிடுகிறது; முன்பே எடுத்த நகல் இல்லாமல் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. கோடியில் ஹால் டிவியும் மாடி டிவியும் பட்டியலுக்காக ஒரே மரியாடிபி டேட்டாபேஸ் சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் வீடு என்றால் எல்லாக் கருவிகளிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றினால் இரண்டும் வேறு வேறு பட்டியலைப் பார்க்கத் தொடங்கும்.

இனி ஃபைல்கள். கோடி ஒரு படத்தை அது இருக்கும் பாதையையும் பெயரையும் வைத்தே நினைவில் கொள்கிறது. வெளியே ஃபோல்டர் பெயரை மாற்றினால் அதன் கணக்கில் பழைய படம் போய்விட்டது, புதிதாக ஒன்று வந்திருக்கிறது. பார்த்த குறியும் சேர்த்த தேதியும் அதோடு போகும். அதனால் நகர்த்தும் முன் பட்டியலைத் தனித்தனி ஃபைலாக ஏற்றுமதி செய்யுங்கள். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதன் விவரங்களைக் கொண்ட ஒரு என்எஃப்ஓ ஃபைல் உட்காரும். படத்தோடு அதையும் கொண்டுபோக வேண்டும். பார்த்த குறியை அதிலிருந்து திரும்ப எடுக்க அனுமதி திறந்திருக்கிறதா என்று அமைப்புகளில் பார்த்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள், அதாவது ஃபோல்டர்களை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். சப்டைட்டில் ஃபைலுக்கும் படத்தின் பெயரே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டாது.

நம் ஊருக்கென்று ஒரு ஆபத்து உண்டு. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. காற்றடித்தால் கரண்டு போகும். எக்ஸ்டர்னல் டிஸ்க் கழன்றிருக்கும் நேரத்தில் தானியங்கி ஸ்கேன் ஓடினால், படங்கள் எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டன என்று மென்பொருள் முடிவு கட்டிப் பட்டியலைத் துடைத்துவிடலாம். பிளெக்ஸில் ஸ்கேன் முடிந்ததும் குப்பையைத் தானே காலி செய்யும் அமைப்பை அணைத்து வையுங்கள். கோடியில், காணாத ஃபைல்களைப் பட்டியலிலிருந்து நீக்கும் 'கிளீன் லைப்ரரி'யைத் தொடும் முன் எல்லா டிஸ்க்கும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் டிஸ்க்கின் எழுத்து (E:, F: மாதிரி) மாறினாலும் இதே தொல்லை வரும் என்பதால் டிஸ்க் மேனேஜ்மென்டில் நிலையான எழுத்து கொடுத்துவிடுங்கள்.

மழை நாளில் டிஸ்க் விட்டு டிஸ்க்குக்கு 'கட்' செய்து ஒட்டுவதையும் தவிருங்கள். காப்பி செய்து, இரண்டும் அச்சாக ஒன்றா என்று காட்டும் ஹாஷ் எண்ணைச் சரிபார்த்து, பிறகு பழையதை நீக்குங்கள். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்குக்கு ஜர்னலிங், அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டிக் குறித்துவைக்கும் வசதி, கிடையாது. எழுதும் நடுவில் கரண்டு போனால், அந்த வசதியுள்ள என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டை விட அதில் சேதம் அதிகமாகலாம்.

பெயர் வைப்பதில் வருடத்தை விடக் கூடாது. விக்ரம் 1986-இலும் உண்டு, 2022-இலும் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்து பார்க்கும் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் குழப்பம் இன்னும் கூடும். 2013-இல் வந்த மலையாள த்ருஷ்யமும் 2015-இல் வந்த இந்தி த்ருஷ்யமும் பெயரில் ஒன்று. அதையே தமிழில் பாபநாசம் என்று தேட வேண்டும். வருடத்தோடு, ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளம் அந்தப் படத்துக்குக் கொடுத்திருக்கும் எண்ணையும் சேர்த்தால் தவறான போஸ்டர் ஒட்டிக்கொள்ளாது. நடிகர் வாரியாக, வகை வாரியாக ஃபோல்டர் போடுவது வேண்டாம் என்பேன். படத்துக்கு ஒரு ஃபோல்டர் போதும், மற்றதைக் குறிச்சொல்லில் வைக்கலாம். மலையாளத்துக்குத் தனி லைப்ரரி வைத்தால் விவரங்களையும் மலையாளத்திலேயே எடுக்கச் சொல்லலாம்.

தமிழிலேயே பெயர் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்4 டிஸ்க் ஃபார்மேட் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட் தரும். ஒரு தமிழ் யூனிகோடு குறியீடு 3 பைட் எடுக்கும். ஆக 85 குறியீடுகள்தான், அதில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. பழைய மேக் டிஸ்க்குகளில் 'ொ' என்பதைக் கொம்பு, கால் என்று பிரித்துச் சேமித்திருக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

கல்யாண வீடியோ, மண்டைக்காட்டுக் கொடைக்குப் போன வீடியோ, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா இவற்றைப் படங்களோடு போட்டால் மென்பொருள் ஏதாவது ஒரு வெளிநாட்டுப் படத்தின் பெயரைச் சூட்டிவிடும். வீட்டு வீடியோ என்ற வகையில் தனி லைப்ரரி திறந்து, பெயரில் தேதியை முன்னால் வையுங்கள். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் ஊர் நினைப்பில் முதலில் கேட்பது இவற்றைத்தான், இவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்த ஜே.சி. டேனியல் எடுத்த விகதகுமாரன், மலையாளத்தின் முதல் படம். இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. உங்கள் வீட்டு வீடியோவுக்கும் ஒரே ஒரு டிஸ்க் என்ற நிலை வேண்டாம். இரண்டாவது நகலை அதே அலமாரியில் வைப்பதிலும் பயனில்லை. குளச்சல் மாதிரி கடலோரத்தில் வீடு என்றால், உப்புக்காற்று படாத, கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர் ஒன்றில், குலசேகரத்து அக்கா வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் கொடுத்து வையுங்கள். டேட்டாபேஸ் நகலும் அதில் இருக்கட்டும். விசேஷத்துக்குப் போகும்போது டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டி நாலு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். பட்டியலையும் ஒருமுறை அந்த நகலிலிருந்து திறந்து பாருங்கள்.