வரவேண்டிய பாக்கியை முதலில் பாருங்கள்: இறங்கும் பங்குகளைப் பற்றி மடல் எழுதுவது எப்படி

எங்கள் ஐயா தேவகோட்டையிலிருந்து ரங்கூனுக்குப் போய், ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, முதலாளியின் ஏஜெண்டுக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாக உயர்ந்தவர். கடன் கேட்டு வருகிறவர் காட்டும் கணக்கில் லாபத்தைக் கடைசியில்தான் பார்ப்பாராம். "வந்தது வேற, வரவேண்டியது வேறப்பா" என்று வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) உட்கார்ந்து எனக்குச் சொல்லியிருக்கிறார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மாதம் இருமுறை நான் எழுதும் பங்குச்சந்தை மடல் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. இந்த வேலைக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள். தலைவர் உரை காத்திருக்கட்டும். கணக்குக் குறிப்புகள், தணிக்கையாளர் அறிக்கை, உறவுக் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல், இவை முதலில். விற்பனை 100 கோடி, வாடிக்கையாளரிடம் வரவேண்டிய பாக்கி 50 கோடி என்றால் ஆறு மாத விற்பனைக்குப் பணம் வரவில்லை என்று அர்த்தம். போன வருடம் அது 25 கோடியாக இருந்ததா? அப்படியானால் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். லாபம் ஏறிக்கொண்டே போய், தொழிலிலிருந்து வந்த ரொக்கம் மட்டும் ஏறவில்லையென்றால் இரண்டாவது கோடு.

ரொக்க இருப்பையும் அப்படியே நம்பக்கூடாது. ஹைதராபாத் மென்பொருள் கம்பெனியான சத்யத்தின் தலைவர், கணக்கில் செய்த பொய்யை ஒப்புக்கொண்டு 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை. அதோடு, சேர்ந்த வட்டி என்று காட்டிய 376 கோடியும் பொய். வட்டியைக்கூட "வரவேண்டியது" என்று எழுதி வைக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. அதனால் சராசரி ரொக்க இருப்புக்கு வங்கி வட்டி எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு, கையில் வந்த வட்டியோடு ஒப்பிடுங்கள். வட்டிக் கணக்கிலேயே வளர்ந்த ஊர் நம்முடையது. இது நமக்குக் கைவந்த வேலை.

அப்புறம் எழுத்து. ஒவ்வொரு எண்ணுக்கும் ஆண்டறிக்கையின் பக்க எண் கொடுங்கள். "மோசடி" என்ற சொல்லை எழுதாதீர்கள். பாக்கி ஏன் இரட்டிப்பானது என்று கேளுங்கள். வெளியிடுவதற்கு முன் அதே கேள்வியைக் கம்பெனிக்கு அனுப்பி, ஒரு வாரம் பொறுத்திருங்கள். பதில் வந்தால் முழுதாகப் போடுங்கள். எது நடந்தால் உங்கள் சந்தேகம் தவறாகும் என்பதையும் மடலிலேயே சொல்லிவிடுங்கள். என் வாசகர்கள் என்னிடம் தங்கியிருப்பது அந்தப் பத்திக்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

சந்தா வாங்கி எழுதினால், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியில் ஆய்வாளர் பதிவு வேண்டும். 2014ஆம் ஆண்டு விதிகள் அதைச் சொல்கின்றன. செபி தொடங்கிய பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் தேர்வும் எழுத வேண்டும். எழுதும் பங்கை அறிக்கைக்கு முன் 30 நாளும் பின் 5 நாளும் நீங்கள் வாங்கவோ விற்கவோ கூடாது. அமெரிக்காவில் ஷார்ட் வைத்துக்கொண்டே, அதாவது பங்கு விழுந்தால் தங்களுக்கு லாபம் வரும்படி முன்கூட்டியே விற்றுவைத்துக்கொண்டே, அறிக்கை விடுகிறார்கள். அந்த வழி நமக்கில்லை, இருக்கவும் வேண்டாம்.

ஷார்ட் போவது எப்படி என்று வாசகர் கேட்பார். கையில் இல்லாத பங்கை விற்றால் அன்று மாலைக்குள் திரும்ப வாங்கியாக வேண்டும். நாள் கடந்து வைத்திருக்க ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்ன விலை என்று இப்போதே போடும் ஒப்பந்தம்), ஆப்ஷன்ஸ் (இன்ன விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை), அல்லது 2008இல் வந்த, பங்கைக் கடன் வாங்கி விற்கும் முறை. 100 ரூபாய்க்கு வாங்கினால் அதிகம் போவது 100 ரூபாய். 100க்கு விற்றது 300 ஆனால் நஷ்டம் 200, அதற்கு மேலும் போகலாம்.

எனக்குப் போயிருக்கிறது. மடல் தொடங்கும் முன், ஒரு கம்பெனியின் பாக்கி வீங்குவதைப் பார்த்து ஃபியூச்சர்ஸில் விற்றேன். நான்கு மாதம் விலை ஏறிக்கொண்டே இருந்தது. அன்றன்றைய நஷ்டத்துக்குத் தினமும் கணக்கிலிருந்து பணம் பிடித்தார்கள். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததில் கை வைக்க மனமில்லாமல் முடித்துக்கொண்டேன். அடுத்த வருடம் அந்தப் பங்கு விழுந்தது. அன்றிலிருந்து எந்தத் தேதியில் விழும் என்று மடலில் நான் எழுதுவதே இல்லை. கணக்கில் என்ன தெரிகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.