பைதான் ஆவணங்களில் இடைவெளியைச் சீராக்குவது எப்படி

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஓப்பன் சோர்ஸ் வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலரும் ஆவணத் திருத்தத்தில்தான் கைவைக்கிறார்கள். அதிலும் இடைவெளியைச் சரிசெய்வது எளிது என்று நினைத்து முதலில் அதையே எடுப்பார்கள். ஆனால் பைதான் நிரல் மொழியின் ஆவணங்கள் ரீஸ்ட்ரக்சர்ட்-டெக்ஸ்ட் என்ற குறியீட்டு வடிவத்தில் எழுதப்பட்டவை. அங்கே வரியின் தொடக்கத்தில் இருக்கும் இடைவெளிக்குப் பொருள் உண்டு. வரி முடிவில் இருப்பதற்கு இல்லை. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எதையும் தொடுமுன் ஆவணத்தை வலைப்பக்கமாக்கும் ஸ்பிங்க்ஸ் கருவியில் ஒருமுறை பில்ட் செய்து, வந்த எச்டிஎம்எல் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் எடுத்து வையுங்கள். கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க இது வேண்டும்.

விதி இதுதான்: மார்க்கப்புக்கு (வடிவக் குறிகளுக்கு) உள்தள்ளல் 3 இடைவெளி, பைதான் குறிமுறைக்குள் 4, டேப் எங்கும் கூடாது, சாதாரண உரையில் ஒரு வரி 80 எழுத்துக்குள். டேப்பை மாற்றும்போதுதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எடிட்டர் டேப்பை 4 இடமாகக் காட்டும்; ஆவணத்தைப் படிக்கும் டாக்யுட்டில்ஸ் அதை 8 என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே 8 என்று கணக்கு வைத்து விரித்துவிட்டு, பிறகு 3-க்குக் கொண்டுவாருங்கள். நேராக 4 ஆக்கினால் பட்டியலின் அடுக்கு மாறிப்போகும்.

ஒரு குறிப்புப் பெட்டியில் இரண்டு பத்திகள் இருப்பதாக வையுங்கள். இரண்டாவது பத்தி இடது ஓரத்துக்கே வந்துவிட்டால் பெட்டிக்கு வெளியே விழும், பார்த்ததும் தெரிந்துவிடும். ஆனால் 3-க்குப் பதில் 2 இடைவெளியில் நின்றால், பெட்டியின் ஓரமே 2 என்று கருவி முடிவு செய்துகொள்கிறது. அதனால் ஒழுங்காக இருந்த முதல் பத்தி மேற்கோள் போல உள்ளே தள்ளி நிற்கும். எச்சரிக்கை எதுவும் வராது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

வரி முடிவு இடைவெளியைத் தாராளமாக நீக்கலாம். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். மார்க்டவுன் என்ற இன்னொரு வடிவக் கோப்பில் வரி முடிவில் உள்ள இரண்டு இடைவெளிகள் வரியை உடைப்பதற்காக வைத்தவை. எடுத்தால் இரண்டு வரியும் ஒட்டிக்கொள்ளும். அடுத்தது, எடுத்துக்காட்டுகளை ஓட்டி வெளியீட்டை ஒப்பிடும் டாக்டெஸ்ட் மாட்யூலால் நேரடியாகச் சோதிக்கப்படும் கோப்பு. ஊர்ப்பெயர்களை இடைவெளி விட்டு ஒரே வரியில் அச்சிடும் எடுத்துக்காட்டில், கடைசிப் பெயரான 'ஈரோடு'க்குப் பின்னால் ஓர் இடைவெளி வெளியீட்டிலேயே இருக்கும். அதை நீக்கினால் சோதனை தோற்கும். இடைவெளியைக் காப்பாற்றி வைப்பதைவிட, பெயர்களை ஜாயின் கொண்டு இணைக்கும்படி எடுத்துக்காட்டையே மாற்றி எழுதுவது நல்லது.

கண்ணுக்குத் தெரியாதவை இன்னொரு தொல்லை. வேர்டிலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ ஒட்டிய குறிமுறையில் உடையா இடைவெளி (யூனிகோட் 00ஏ0) புகுந்துவிடும். வாசகர் அதை நகலெடுத்து ஓட்டினால் சின்டாக்ஸ் எர்ரர்தான் வரும். எண்ணைக் கொடுத்துத் தேடிச் சாதாரண இடைவெளியாக மாற்றுங்கள். அகலமில்லா இணைப்பு நீக்கியை (200சி) மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நீக்க வேண்டாம்: தமிழ் உரையில் க், ஷ இரண்டும் கூட்டெழுத்தாகச் சேராமல் இருக்க அதை வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். குறிமுறைக்குள் இருந்தால் தயங்காமல் எடுத்துவிடலாம்.

தமிழில் தலைப்பு எழுதினால், அதன் கீழ் வரியில் குறிகளால் போடும் அடிக்கோட்டின் நீளம் இடிக்கும். 'பொள்ளாச்சி' நம் கண்ணுக்கு 5 எழுத்து, டாக்யுட்டில்ஸுக்கு 8. உயிர்மெய்க் குறியைத் தனி இடமாக எண்ணுகிறது, புள்ளியை எண்ணுவதில்லை. அடிக்கோடு தலைப்பைவிட நீளமாக இருக்கலாம், குட்டையாகத்தான் இருக்கக்கூடாது. அதனால் தாராளமாகவே போடுங்கள். அட்டவணையில் இதே கணக்கு நெடுவரிசைகளைக் குலைத்துவிடும். தமிழ்ச் சொற்களை இடைவெளி தட்டி நேராக்க முயல்வது வீண் வேலை, அட்டவணையைப் பட்டியலாக எழுதும் லிஸ்ட்-டேபிள் வடிவத்துக்கு மாறிவிடுங்கள்.

வாக்கியத்துக்கு நடுவில் இரட்டை இடைவெளி இருந்தால், அது கண்ணை உறுத்தினாலும் விட்டுவிடுங்கள். பக்கத்தில் தெரியாது. ஆனால் அதைத் தொட்டால் மொழிபெயர்ப்புக் கோப்புகளில் மூலச் சரம் மாறி, எல்லா மொழியிலும் அந்தப் பத்தியை மறுபடி சரிபார்க்க வேண்டி வரும்.

முடித்ததும் ஆவணப் பிழைகளைத் தேடும் ஸ்பிங்க்ஸ்-லின்ட்டை ஓட்டுங்கள். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் டிஃப் கட்டளையை 'செக்' விருப்பத்தோடு கொடுத்தால் நீங்கள் புதிதாகச் சேர்த்த வரி முடிவு இடைவெளிகளைக் காட்டும். பிறகு மறுபடி பில்ட் செய்து, முதலில் எடுத்துவைத்த கோப்புறையோடு ஒப்பிடுங்கள். மூல உரையின் நகல் இருக்கும் கோப்புறையும், புதுப்பித்த தேதி அச்சாகும் வரியும் மாறியிருக்கலாம். நீங்கள் தெரிந்தே திருத்திய இடங்களைத் தவிர வேறெங்காவது வித்தியாசம் வந்தால் அந்தக் கோப்பைத் திரும்பப் பாருங்கள்.

இடைவெளித் திருத்தத்தைத் தனி கமிட்டாகவே (கிட்டில் தனிப் பதிவாகவே) அனுப்புங்கள். சொல் திருத்தத்தோடு கலந்தால் பரிசீலிப்பவருக்கு எது முக்கியம் என்று தெரியாது. திருத்தம் பெரிதாக இருந்தால், பிளேம் (எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கிட் கட்டளை) தவிர்க்க வேண்டிய கமிட்டுகளின் பட்டியலில் அதன் எண்ணைச் சேர்க்கச் சொல்லிப் பராமரிப்பாளரிடம் கேளுங்கள். 2019-இல் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி இருக்கிறது.