பழைய மீட்டர்களை வைத்து டர்போ லாரிக்கு ஒரு மீட்டர் பலகை: முதல்முறை செய்பவர்களுக்கு

டர்போ டீசல் லாரி ஓட்டும் யாரிடமாவது, "இப்போ உங்க டர்போ எவ்வளவு பூஸ்ட் தருது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, அந்தக் கூடுதல் காற்றழுத்தம்தான் பூஸ்ட். கம்பெனி டேஷ்போர்டில் தண்ணீர்ச் சூட்டுக்கு ஒரு முள், டீசலுக்கு ஒரு முள், ஆயில் அழுத்தத்துக்கு ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான் இருக்கும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். அந்த விளக்கு எரியும் நேரத்தில் சேதம் தொடங்கியிருக்கலாம்.

லாரியின் சக்தியைக் கூட்டுவது எப்படி என்று எனக்கு எழுதிக் கேட்கும் தம்பிகளுக்கு என் பதில் ஒன்றுதான்: முதலில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பூஸ்ட், புகை வாயுவின் சூடு, ஆயில் அழுத்தம், தண்ணீர்ச் சூடு, பேட்டரி வோல்ட் ஆகிய ஐந்தையும் காட்டும் பலகையை, கழித்துக் கட்டிய வண்டிகளின் மீட்டர்களை வைத்தே செய்துவிடலாம். முக்கால்வாசி வேலை வீட்டு மேசையிலேயே முடியும்.

தொடங்கும் முன் சட்டம். சிங்கப்பூர்ச் சாலையில் ஓடும் வண்டியின் எஞ்சினிலோ புகைக்குழாயிலோ மாற்றம் செய்ய நினைத்தால், எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) வெளியிட்டுள்ள மாற்ற விதிகளைப் படித்துவிட்டு, அனுமதி வேண்டிய வேலையை வொர்க்‌ஷாப் மூலமாகவே செய்யுங்கள். பழைய டேஷ்போர்டைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டாம். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண் அதில்தான் இருக்கிறது, அதைத் தொடக்கூடாது. நாம் செய்வது தனியாக, கூடுதலாக ஒரு பலகை. லாரி கம்பெனியுடையது என்றால் முதலாளியிடம் கேட்ட பிறகே திருப்புளியை எடுங்கள்.

முதல் படி: பொருள் தேடுவது

இந்த வேலைக்கு நம் ஊரைப் போல் வசதியான ஊர் குறைவு. 1990 மே மாதம் சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) வந்ததிலிருந்து, பத்து வருடத்தில் புதுப்பிக்காத வண்டி சாலையைவிட்டுப் போய்விடுகிறது. சரக்கு வண்டிகளைப் புதுப்பித்தாலும் 20 வருடத்துக்கு மேல் ஓட்ட முடியாது. அதனால் நன்றாக வேலை செய்யும் மீட்டர், சென்சார், ரிலே, ஃபியூஸ் பெட்டி எல்லாம் உடைப்புக் கிடங்குகளுக்கும் பழைய உதிரிபாகக் கடைகளுக்கும் வந்துகொண்டே இருக்கின்றன. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது பெரிய இழப்பு. இப்போது பழைய பொருள் விற்கும் கேரோசல் செயலியில் தேடலாம், வொர்க்‌ஷாப்களில் நேரில் கேட்கலாம். "அண்ணே, கழட்டிப் போட்ட லாரி மீட்டர் ஏதாவது இருக்கா? சென்சாரோட சேர்த்து வேணும்" என்று கேளுங்கள். சென்சாரோடு சேர்த்து என்பதுதான் முக்கியம். ஒரு மீட்டர் அதன் சொந்தச் சென்சாருடன் இருந்தால் மட்டுமே சரியாகக் காட்டும்.

புதிதாக வாங்க வேண்டிய சின்னப் பொருள்களுக்கு ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவர் போதும், தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். ஒரு ஆர்டுயினோ (நாம் புரோகிராம் எழுதி இயக்கும் சின்னக் கணினிப் பலகை), மல்டிமீட்டர், எம்பிஎக்ஸ் 4250ஏ அழுத்தச் சென்சார், புகைச் சூட்டை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள், அதை ஆர்டுயினோவோடு இணைக்கும் மேக்ஸ் 6675 சர்க்கியூட், ஃபியூஸ், ரெசிஸ்டர், டயோடு. பட்டியல் இவ்வளவுதான்.

கழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் எடுத்துவிட வேண்டும். கனெக்டரை ஒட்டி வெட்டாதீர்கள், ஒரு சாண் வயராவது விட்டு வெட்டுங்கள். அந்தப் பழைய கனெக்டர் தனியாகக் கிடைக்காது. மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக் வயர்.

இரண்டாம் படி: எந்த வகை மீட்டர் என்று கண்டுபிடிப்பது

பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். வயருக்குப் பதில் குழாய் மாட்டும் முனை இருந்தால் அது இயந்திர மீட்டர். உள்ளே வளைந்த ஒரு தட்டைக் குழாய் இருக்கும். திருவிழாவில் பிள்ளைகள் ஊதும் சுருள் ஊதல் போல, அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், முள் நகரும். யூஜின் போர்டன் 1849இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு, இன்றும் நம்பகமானது. பூஸ்டுக்கு இது கிடைத்தால் விடாதீர்கள். ஆயில் அழுத்தத்துக்கு மட்டும் இந்த வகை வேண்டாம். சூடான ஆயில் நிறைந்த குழாயை ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவருவது ஆபத்து.

மூன்று திருகு முனைகள், பக்கத்தில் ஐ, எஸ், ஜி எழுத்துகள் இருந்தால் மின் மீட்டர். ஐ சாவி திறந்ததும் வரும் மின்சாரம், எஸ் சென்சார், ஜி எர்த். சாவியைத் திருப்பியதும் முள் மெதுவாக ஏறினால் உள்ளே இருப்பது சூட்டில் வளையும் ஈருலோகத் தகடு. பழைய டேஷ்போர்டுகளில் இந்த வகைக்கு 12 வோல்ட் நேராகப் போகாது, இடையில் ஒரு ஸ்டெபிலைசர் அதைக் குறைத்துக் கொடுக்கும். அது இல்லாமல் மீட்டரை மட்டும் கழற்றி 12 வோல்ட் கொடுத்தால் முள் கூடுதலாகக் காட்டும், கடைசியில் கருகும்.

சர்க்கியூட் பலகையில் நான்கு பின்களோடு பற்றவைத்திருந்தால் ஸ்டெப்பர் மோட்டார், அதாவது சின்னச் சின்ன அடியாகச் சுழலும் மோட்டார். புதிய வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். டேஷ்போர்டு முழுவதையும் இயக்கப் பாடுபடாமல், மோட்டாரை மட்டும் இளக்கி எடுங்கள். எக்ஸ் 27 வகை மோட்டார் 315 டிகிரி சுழலும், ஒரு டிகிரிக்கு மூன்று அடி (ஸ்டெப்), மொத்தம் 945 அடி. மிகக் குறைந்த மின்னோட்டம் போதும் என்பதால் ஆர்டுயினோவின் நான்கு பின்களில் நேராகவே மாட்டலாம். ஒவ்வொரு பின்னுக்கும் பாதுகாப்பு டயோடுகள் வைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: மேசையிலேயே சோதிப்பது

அவசரப்படக் கூடாத படி இது. கிடங்கிலிருந்து வந்த எந்த முள்ளையும், தெரிந்த ஓர் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை நம்பாதீர்கள்.

தண்ணீர்ச் சூட்டுச் சென்சாரை எடுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு கம்பியைச் சென்சாரின் முனையிலும் மற்றதை அதன் உலோக உடம்பிலும் பிடியுங்கள். கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஒரு குவளையில் ஊற்றி, சமையல் தெர்மாமீட்டரோடு சென்சாரின் நுனியை அதில் இறக்குங்கள். சூடு இறங்க இறங்க ஓம் ஏறும். 90, 80, 70, 60 என்று ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஓமை நோட்டில் எழுதுங்கள். விடிஓ கம்பெனியின் சென்சார் என்றால் 90 டிகிரியில் ஏறக்குறைய 51 ஓம், 120 டிகிரியில் 22 ஓம். ஜப்பானிய லாரிகளின் எண்கள் வேறாக இருக்கும், அதனால்தான் நாமே அளக்கிறோம். ஓம் படிப்படியாக மாறாமல் திடீரென்று குதித்தால் அந்தச் சென்சார் வேண்டாம்.

இதை ஆர்டுயினோவுக்குப் புரியவைக்க, 5 வோல்ட்டிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர், அடுத்து சென்சார், அடுத்து எர்த் என்று வரிசையாக இணைத்து, நடுவில் வரும் வோல்ட்டை அனலாக் பின்னில் கொடுங்கள். சென்சார் 51 ஓமில் இருக்கும்போது அங்கே 1.69 வோல்ட் வரும். 0 முதல் 1023 வரையிலான ஆர்டுயினோ கணக்கில் அது 345. ரெசிஸ்டர் அரை வாட் அளவில் இருக்கட்டும், எஞ்சின் சூடு ஏற ஏற அதன் வழியாகப் போகும் மின்னோட்டமும் ஏறும்.

அடுத்து பூஸ்ட். எம்பிஎக்ஸ் 4250ஏ சென்சார் வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளக்கிறது, அதனால் சும்மா மேசையில் கிடந்தாலும் காற்றின் அழுத்தமான 101 கிலோபாஸ்கலைக் காட்டும். கணக்கு எளிது: அழுத்தத்தை 0.004ஆல் பெருக்கி, 0.04 கழித்து, 5ஆல் பெருக்கினால் வோல்ட். 101க்கு 1.82 வோல்ட் வர வேண்டும். நாம் கடல் மட்டத்தை ஒட்டி வாழ்கிறோம், இந்த எண்ணை அப்படியே நம்பலாம். மல்டிமீட்டரில் 1.8க்குப் பக்கத்தில் வந்தால் சென்சார் நலம்.

இப்போது மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மில்லி ஊசிக் குழலை எடுத்து, பிஸ்டனை 20இல் நிறுத்தி, குட்டையான சிலிக்கான் குழாயால் சென்சாரோடு இணையுங்கள். பிஸ்டனை 10 வரை அழுத்துங்கள். காற்றின் இடம் பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும், 202 கிலோபாஸ்கல், 3.84 வோல்ட். குழாய்க்குள் இருக்கும் காற்றுக்காகச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும். கட்டைவிரலில் அந்த எதிர்ப்பை உணர்ந்தபடியே மல்டிமீட்டரில் எண் ஏறுவதைப் பாருங்கள். ஒரு பார் (100 கிலோபாஸ்கல்) பூஸ்ட் என்பது என்ன என்று அந்த நொடியில் விளங்கிவிடும். அதற்கு மேல் அழுத்த வேண்டாம், சென்சாரின் எல்லை 250 கிலோபாஸ்கல்.

ஓட்டுநருக்குக் காட்ட வேண்டிய பூஸ்ட், வந்த அழுத்தத்தில் 101ஐக் கழித்தது. முள் 0 முதல் 150 வரை 270 டிகிரி சுழலட்டும். அது 810 அடி, ஆக ஒரு கிலோபாஸ்கலுக்கு 5.4 அடி.

தெர்மோகப்பிளுக்குக் கொதிக்கும் தண்ணீரே சோதனை: 100க்கு அருகே வர வேண்டும். சூடாக்கும்போது எண் இறங்கினால் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கிறது. வயர் நீளம் போதவில்லையென்றால் சாதாரணச் செம்பு வயரைச் சேர்க்காதீர்கள், கே வகை நீட்டிப்பு வயர்தான் வேண்டும். வெளி உறைக்கும் வயருக்கும் மின்தொடர்பு இல்லாத தெர்மோகப்பிளாகப் பார்த்து வாங்குங்கள். தொடர்பு இருந்தால் லாரியின் எர்த்தோடு சேர்ந்து எண் ஆடும்.

நான்காம் படி: மின்சாரம்

எத்தனை பேட்டரி என்று பாருங்கள், மல்டிமீட்டரிலும் அளந்து உறுதி செய்யுங்கள். இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்த லாரி 24 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 28 வரை ஏறும். கார் மீட்டர் 12 வோல்ட்டுக்கானது. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், ஒரு பேட்டரி எப்போதும் குறைவாகவே நிரம்பி இரண்டும் சீக்கிரம் போய்விடும்.

சாவியோடு வரும் மின்சாரத்திலிருந்து 2 ஆம்பியர் ஃபியூஸ், அதன் பிறகு திடீர் வோல்ட் ஏற்றத்தைத் தடுக்கும் 33 வோல்ட் டிவிஎஸ் டயோடு, அதன் பிறகு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும், 60 வோல்ட் வரை தாங்கும் கன்வெர்ட்டர், கடைசியில் ஆர்டுயினோ. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எல்எம் 2596 கன்வெர்ட்டரின் எல்லை 40 வோல்ட். ஓடும்போது பேட்டரி முனை தளர்ந்தால் ஆல்டர்னேட்டரிலிருந்து திடீரென்று வரும் வோல்ட் அலை அதைத் தாண்டிவிடும், 24 வோல்ட் லாரிக்கு அது போதாது. ஃபியூஸ் மின்சாரம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பலகைக்குப் பக்கத்தில் அல்ல. வயர் உரசித் தீப்பிடிப்பது வழியில்தான்.

ஐந்தாம் படி: பலகையும் பொருத்துவதும்

மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகடு நன்றாக இருக்கும். முன்கண்ணாடியை மறைக்காத, ஏர்பேக் விரியும் வழியில் இல்லாத இடம் பாருங்கள். மீட்டர்களைத் திருகும்போது, எஞ்சின் நல்ல நிலையில் ஓடும்போது எல்லா முள்ளும் நேர் மேலே பார்க்கும்படி திருப்பி வையுங்கள். பந்தயக் கார்களில் வெகு காலமாக இருக்கும் பழக்கம் இது. எண்ணைப் படிக்காமலேயே, சாய்ந்து நிற்கும் முள் கண்ணில் பட்டுவிடும்.

தண்ணீர், ஆயில் சென்சார்களுக்குத் தனி இடம் வேண்டும். ஒரே சென்சாரிலிருந்து பழைய மீட்டருக்கும் நம் பலகைக்கும் வயர் இழுத்தால் இரண்டுமே தப்பாகக் காட்டும். பூஸ்ட் குழாயை டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள காற்று வழியில் எடுங்கள். தெர்மோகப்பிளை டர்போவுக்கு முன்னால், புகை வாயு நுழையும் இடத்தில் வைத்தால்தான் உண்மையான சூடு தெரியும். டர்போவுக்குப் பின்னால் எண் நன்றாகக் குறைந்துவிடும். அந்தத் துளையை நீங்கள் போட வேண்டாம், டர்போவைக் கழற்றிவிட்டு வொர்க்‌ஷாப்பில் போடட்டும். ஒரு சிறு இரும்புத் துகள் உள்ளே போனாலும் டர்பைன் இதழ்கள் சிதைந்துவிடும்.

முதல் ஓட்டம்

காலியாக ஒரு முறை, சரக்கோடு ஒரு முறை ஓட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எண்களை எழுதச் சொல்லுங்கள். இந்த எண்கள்தான் உங்கள் லாரியின் நல்ல நிலை. புகை வாயுவின் சூடு மேடு ஏறும்போது உயர்வது இயல்பு. டர்போவுக்கு முன்னால் 700 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றால் காலைத் தளர்த்துங்கள்.

பிறகு ஒரு நாள் அதே சரக்கு, அதே மேம்பாலம், பூஸ்ட் குறைந்து புகைச் சூடு கூடியிருந்தால், டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்று அர்த்தம். முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அடுத்து டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாய்களின் கிளிப்புகள், பிறகு இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி). பெரும்பாலும் ஒரு தளர்ந்த கிளிப்பும் அதைச் சுற்றி ஆயில் ஈரத்தில் ஒட்டிய தூசியும் கண்ணில் படும்.

எந்த நிற வயர் எந்தச் சென்சாருக்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பலகையின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறக்கப்போகும் மெக்கானிக்குக் கட்டாயம் தேவைப்படும்.